மாடிக்கு மேட்டுப்பாத்திப் பை: எந்த அளவு, எவ்வளவு கனம், எப்படி நிரப்புவது

மாடித்தோட்டச் சாமான் விற்கும் கடைகளில் வட்டக் குரோ பேக்குகளுக்குப் பக்கத்திலேயே நீளவாக்கில் ஒரு பெரிய பை மடித்து அடுக்கியிருக்கும். எச்.டி.பி.இ. என்ற கெட்டியான பிளாஸ்டிக் இழைத் துணியில் தைத்தது. மேல் விளிம்பில் பி.வி.சி. குழாய் நுழைக்கப் பட்டை வைத்திருப்பார்கள், அல்லது அதுகூட இருக்காது. 2×2, 3×2, 4×2, 6×3, 8×4 என்று அடிக்கணக்கில் அளவு. உயரம் பெரும்பாலும் 1 அடி. தரையில் செங்கல்லோ கடப்பா கல்லோ நட்டுக் கட்டும் மேட்டுப்பாத்தியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும் முயற்சிதான் இது. பையில் அச்சடித்திருக்கும் பெயர் எதுவானாலும் பார்க்க வேண்டியவை ஒன்றேதான் என்பதால், இங்கே பிராண்டுப் பெயர் எதுவும் வராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 4×2×1 அளவு, வெள்ளை நிறம், துணியின் கனம் 300 ஜி.எஸ்.எம்.க்கு மேல், குழாய்ப் பட்டையோடு இருந்தால் தாராளமாக வாங்கலாம். 6×3-ம் 8×4-ம் மொட்டை மாடிக்கு வேண்டாம். எதை வாங்கினாலும், பைக்கு ஆகும் செலவைவிட அதை நிரப்ப ஆகும் செலவு கூடுதல் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தள்ளுபடியில் மூன்று பை வாங்கிவிட்டு ஒன்றைக்கூட முழுதாக நிரப்ப முடியாமல் மடித்துப் பரணில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

வட்டப் பையே போதாதா என்றால், மிளகாய்க்கும் கத்தரிக்கும் போதும். கீரைக்கு, முள்ளங்கிக்கு, கொத்தமல்லிக்குப் போதாது. 12×12 அங்குல வட்டப் பையில் விளிம்பு வரை நிரப்பினாலும் 22 லிட்டர் மண்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் அது காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் விட்டுவிடும். நிரப்பிய 4×2×1 பையில், அதாவது பெட்டில், 225 லிட்டர் ஒரே திரளாக இருப்பதால் நடுப்பகுதி சீக்கிரம் சூடேறாது, ஈரமும் ஒரே சீராக நிற்கும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுவதற்கு, சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் தண்ணீர் ஏறி இறங்குவதால் செடிக்கு அது போய்ச் சேராததே பெரும்பாலும் காரணம். பெரிய பெட்டில் அந்தத் தொல்லை குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பையைச் சோதிப்பது

விளம்பரத்தில் '350 ஜி.எஸ்.எம்.' என்று இருப்பதை நம்ப வேண்டியதில்லை. சமையலறைத் தராசு போதும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 4×2×1 பையில் அடிப்பகுதி 8 சதுர அடி, நான்கு பக்கமும் சேர்த்து 12. ஆக 20 சதுர அடி, அதாவது 1.86 சதுர மீட்டர். 350 ஜி.எஸ்.எம். என்றால் துணி மட்டுமே 650 கிராம் வர வேண்டும். மடிப்பு, பட்டை, வடிகால் துளைக்கான கண்ணி வளையம் எல்லாம் சேர்ந்தால் 700-ஐத் தாண்டும். 220 ஜி.எஸ்.எம். துணியாக இருந்தால் 410 கிராம்தான். 350 என்று சொன்ன பை தராசில் 480 காட்டினால் என்ன வந்திருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 3×2×1 பைக்கு 350 ஜி.எஸ்.எம். கணக்கில் துணி எடை 520 கிராம்.

கனத்தைவிட முக்கியம் தையல். இந்தப் பைகளில் துணி கிழிவதற்கு முன்னால் நூல்தான் இற்றுப்போகிறது. துணிக்கு யு.வி. பாதுகாப்பு சேர்த்திருப்பார்கள், நூலுக்குச் சேர்த்திருக்கிறார்களா என்று யாரும் சொல்வதில்லை. அடிமூலையைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு வரிசைத் தையல் இருக்க வேண்டும், துணி ஓரம் உள்பக்கம் மடித்துத் தைத்திருக்க வேண்டும். வெட்டிய ஓரம் அப்படியே வெளியே தெரிந்தால், நெய்த இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து ஆறு மாதத்தில் தையலே பிடிமானம் இல்லாமல் நிற்கும். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பதுபோல ஒற்றை நூல் சங்கிலித் தையலாக இருந்தால் வாங்கவே வேண்டாம். ஒரு இடத்தில் அறுந்தால் மொத்தமும் சர்ரென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

நிறம் அழகுக்காக அல்ல. கரும்பச்சைப் பையின் மேற்குப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் தொட முடியாத அளவு சுடும். அந்தப் பக்கத்து வேர்கள் விளிம்பிலிருந்து விலகியே வளரும், இடம் வீணாகும். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று இரண்டடுக்காக வருவது நல்லது. பச்சைதான் கிடைத்தது என்றால் மேற்குப் பக்கத்தில் பழைய வெள்ளை வேட்டியையோ சாக்கையோ தொங்கவிட்டால் போதும்.

கண்ணி வளையங்களையும் எண்ணிப் பாருங்கள். 4×2 பைக்கு நாலே நாலு வடிகால் துளை வைத்து விற்கிறார்கள், குறைந்தது எட்டு வேண்டும். மீதியைக் கத்தியால் கீறக் கூடாது, கீறல் நீளும். பழைய ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சிக் குத்தினால் பிளாஸ்டிக் உருகி ஓரம் தானே மூடிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. துளைகளில் பாதியை அடியில் போடாமல், பக்கவாட்டில் தரையிலிருந்து ஒரு அங்குலம் மேலே போடுங்கள். அடித்துளை மண்ணாலோ வேராலோ அடைபட்டாலும் ஐப்பசி மழைத் தண்ணீர் அந்த வழியாக வெளியேறிவிடும்.

இரண்டு பக்கமும் கைப்பிடி தைத்துக் கொடுப்பார்கள். காலிப் பையைத் தூக்க மட்டுமே அது உதவும். நிரப்பிய பிறகு இந்தப் பை இருக்கும் இடத்தைவிட்டு அசையாது. நாலு பேர் சேர்ந்து இழுத்தால் கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும்.

குழாய்ச் சட்டம்

குழாய் இல்லாமலும் நிரப்பலாம் என்று கடையில் சொல்வார்கள். நிரப்பலாம்தான். ஆனால் நாலடிப் பக்கம் இரண்டும் வயிறு தள்ளி, பை செவ்வகத்திலிருந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும். மண் உயரம் தானாகவே இரண்டு மூன்று அங்குலம் இறங்கும், விளிம்பு உள்பக்கம் மடிந்து சாயும், மூலைத் தையலில் எல்லா இழுவையும் சேரும். சட்டம் அவசியம்.

முக்கால் அங்குலக் குழாய் போதும், ஆனால் வயரிங்குக்குப் பயன்படுத்தும் மெல்லிய குழாய் வேண்டாம். வெயிலில் ஒரு வருடத்தில் முறுகிப்போய்த் தட்டினால் உடையும். தண்ணீர் வேலைக்கான யு.பி.வி.சி. வாங்குங்கள். மூன்று மீட்டர் நீளக் குழாய் இரண்டு வாங்கினால் ஒரு 4×2 பெட்டுக்குச் சரியாக இருக்கும். முதல் குழாயில் இரண்டடித் துண்டு நாலு, ஓரடித் துண்டு ஒன்று. இரண்டாவதில் இரண்டடித் துண்டு மூன்று, ஓரடித் துண்டு மூன்று. ஆக இரண்டடி ஏழு, ஓரடி நாலு. ஓரடித் துண்டுகள் நான்கு மூலைக் கால்கள். இரண்டடியில் ஆறு மேல் விளிம்பைச் சுற்றிவரும்; ஏழாவது நீளப் பக்கங்களின் நடுவில், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே போகும். இந்தக் குறுக்குக் குழாயைக் கடைக்காரர் தரும் கிட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். வயிறு தள்ளாமல் காப்பது இதுதான்.

மூலைக்கு மூவழி எல்போ நாலு, நடுவுக்கு டீ (T வடிவ இணைப்பு) இரண்டு, கால்களின் அடிக்கு மூடி நாலு. மூடி போடாவிட்டால் வெட்டிய குழாய் முனை பையின் அடியைக் குத்திக் கிழிக்கும். மூவழி எல்போ எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இணைப்புகள் எல்லாவற்றுக்கும் சொல்யூஷன் போட்டு ஒட்ட வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. குறுக்குக் குழாயின் இரண்டு முனைக்கு மட்டும் போடுங்கள். மண் வெளியே தள்ளும்போது இழுபடுவது அதுதான். டீ வரும் இடத்தில் பட்டையை இரண்டு அங்குலத்துக்கு வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி எடுத்தால் இழை பிரியாது.

எடையும் இடமும்

விற்பவர்கள் யாரும் வாயே திறக்காத விஷயம் இது. மண் கலந்த கலவையோடு நனைந்த 4×2×1 பெட் 230 முதல் 250 கிலோ வரை இருக்கும். அதன் பரப்பு 0.74 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் போகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, ஆள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஒரு பெட் வைத்தால் கூரை இடிந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. சுமை சுற்றிலும் பரவும், மாடியின் மற்ற இடம் காலியாகத்தானே கிடக்கிறது. ஆனால் பத்துப் பெட்டை மாடி நடுவில் நெருக்கி அடுக்குவது வேறு கதை. அடியில் சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து, ஓரமாக, இடைவெளி விட்டு வையுங்கள். 6×3×1 வேண்டாம் என்றதற்கு இதுதான் முதல் காரணம்: 510 லிட்டர், நனைந்தால் அரை டன்னுக்கு மேல். இரண்டாவது காரணம், கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் மூன்றடி அகலத்தின் மறுகோடிக்குக் கை எட்டாது. களை எடுக்கப் பெட்டுக்குள்ளேயே கால் வைப்பீர்கள், மண் இறுகிவிடும்.

தேக்கு மரச் சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் இந்தப் பையே வேண்டாம். கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கும் வரை சிறிய தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டை நேரடியாகத் தட்டோட்டின் மேல் வைக்கக் கூடாது. அடித்துளை தரையோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் இறங்காது. வேர் துளை வழியாக வெளியே வந்து ஓட்டின் இடுக்கைத் தேடும். ஈரம் காயாமல் அந்த இடத்தில் பாசி பிடிக்கும், கீழ் அறையில் விதானம் பூக்கும். செங்கல்லைப் படுக்கையாக வைத்து, ஆறு அங்குல இடைவெளியில் ஐந்து வரிசை. வரிசைக்கு மூன்று கல், ஆக பதினைந்து. வரிசைகள் மாடியின் வாட்டத்தோடு ஓட வேண்டும், குறுக்கே நின்றால் அவையே தண்ணீரைத் தேக்கும். பெட்டுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஒரு துடைப்பம் போய்வர இடம் விடுங்கள்.

இரும்பு ஸ்டாண்டும் விற்கிறார்கள். குனியாமல் வேலை செய்யலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான். வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். பை உட்காரும் தளத்தில் ஒவ்வோர் அடிக்கும் குறுக்குச் சட்டம் இருக்க வேண்டும், வெறும் கம்பி வலை மட்டும் போட்டிருந்தால் நடுவில் தொய்ந்து தண்ணீர் குளம் கட்டும். அடுத்து, நாலு கால் மட்டும் இருந்தால் ஒவ்வொரு காலிலும் அறுபது கிலோவுக்கு மேல் இறங்கும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சதுரக் கடப்பா துண்டு வைக்காவிட்டால் ஓடு விரியும். வழியும் தண்ணீரைப் பிடிக்கத் தட்டு வைப்பது வேண்டாத வேலை. தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே போதும்.

நிரப்புவது

225 லிட்டர் என்பது பதினைந்து லிட்டர் வாளியில் பதினைந்து வாளி. மூன்றில் ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு (கோகோபீட்), ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய உரம் என்று பிரித்தால் ஐந்து ஐந்து வாளி. கணக்கு வசதியாகவே அமைகிறது: 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறி உதிர்ந்தால் 65-70 லிட்டர் வரும், அதாவது ஒரு கட்டி ஒரு பெட்டுக்குச் சரி. உரம் 75 லிட்டர் என்பது 45-50 கிலோ. மண்புழு உரமாகவே முழுதும் வாங்கினால் செலவு எகிறும். பாதி மண்புழு உரம், பாதி நன்றாக மக்கிய தொழுவுரம் போதும். எடை பயம் இருந்தால் செம்மண்ணை விட்டுவிட்டு கோகோபீட் இரண்டு பங்கு, உரம் ஒரு பங்கு. நனைந்தாலும் 160 கிலோவைச் சுற்றியே நிற்கும், ஆனால் பத்து நாளைக்கு ஒருமுறை சத்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோகோபீட்டில் சாரம் எதுவும் கிடையாது.

'ரெடிமிக்ஸ்' மூட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்துக் கிலோ மூட்டை இரண்டு போட்டால் பெட் நிரம்பிவிடும் என்பார்கள். கலவை எவ்வளவு லேசாக இருந்தாலும் இரண்டு மூட்டையில் கால்வாசிகூட நிரம்பாது. கிலோவில் விற்பதை லிட்டரில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

தொழுவுரம் வாங்கும்போது கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். சாண வாடை வந்தால் இன்னும் மக்கவில்லை. அதைப் போட்டால் பெட்டுக்குள் சூடு கிளம்பி நாற்று கருகும், கூடவே ஆங்கில 'சி' எழுத்துப்போல் வளைந்த வெள்ளை வண்டுப்புழு இலவசமாக வரும். அது வேரைத் தின்பது வெளியே தெரியாது. செடி நல்ல ஈரத்திலும் வாடி நிற்கும், இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். மக்கிய உரம் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். ஒருமுறை சலித்துவிட்டுப் போடுங்கள், புழு இருந்தால் சல்லடையில் மாட்டும்.

கோகோபீட்டில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தென்னை நாரை ஊறப்போடும் தண்ணீரிலிருந்தும் மட்டையிலிருந்தும் உப்பு அதில் தங்கியிருக்கும். 'வாஷ்டு' (அலசியது), 'லோ ஈசி' (உப்பு குறைவு) என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஒருமுறையாவது அலசுவது நல்லது. கட்டியை டிரம்மில் போட்டு இருபது, இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, உதிர்த்து, சாக்கில் கட்டி வடியவிடுங்கள். முதலில் வடிவது காபி டிகாஷன் நிறத்தில் இருக்கும், இரண்டாம் மூன்றாம் அலசலில் வெளுக்கும். அலசாமல் போட்டால் முளைப்பு குறையும். முளைத்த செடியிலும் கீழ் இலைகளின் நுனி காய்ந்து உள்நோக்கிப் பழுப்பேறும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவார்கள், உப்பு இன்னும் ஏறும். கலவையில் இரண்டு கைப்பிடி ஜிப்சம் சேர்த்தால் சோடியத்தை வெளியேற்ற உதவும். உங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பாக இருந்தால் பையின் வெளிப்பக்கத் தையலோரம் வெள்ளையாகப் பூத்துக் காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில் இரண்டு நல்ல மழை முழுதும் பெட்டில் இறங்கி வடிய விடுங்கள், அதுவே அலசிவிடும்.

கலவையோடு வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி 50 கிராம். டிரைக்கோடெர்மாவை நேராக மண்ணில் தூவாமல், ஐந்து கிலோ மக்கிய உரத்தில் கலந்து, ஈரமாக, நிழலில் ஒரு வாரம் மூடிவைத்துப் பிறகு சேர்த்தால் நன்றாகப் பெருகியிருக்கும். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளை (கிட்) கிடைத்திருந்தால் அதில் வரும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் தளையில் வரும் சிறிய பைகளை மிளகாய்க்கு ஒதுக்கிவிடுங்கள். புண்ணாக்கு புளித்துச் சூடு அடங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை தினமும் தண்ணீர் தெளித்துச் சும்மா விடுங்கள், விதைக்க வேண்டாம்.

அடியில் ஜல்லி, ஓட்டுச்சில்லு போட வேண்டாம். எடை கூடும், மண் ஆழம் குறையும், வடிகால் ஒன்றும் மேம்படாது. துளைகளின் மேல் மட்டும் ஒரு பிடி தேங்காய் நாரை வைத்தால் மண் வெளியேறாது. விளிம்பு வரை நிரப்புங்கள். முதல் இரண்டு மாதத்தில் இரண்டு அங்குலம் தானாக அமுங்கும்.

விதைப்பும் தண்ணீரும்

ஆடிப்பட்டத்தில் தொடங்குவது எல்லாவற்றுக்கும் தோது. முதல் பயிர் கீரையாகவே இருக்கட்டும். கலவையில் உப்போ சூடோ இருந்தால் பத்தே நாளில் தெரிந்துவிடும், இழப்பும் ஒரு பாக்கெட் விதைதான். முளைக்கீரை விதை அரை டீஸ்பூன், நாலு பங்கு மணலோடு கலந்து எட்டுச் சதுர அடிக்கும் தூவலாம். மேலே கால் அங்குலத்துக்கு மேல் மூட வேண்டாம். மூன்று, மூன்றரை வாரத்தில் பிடுங்கிவிடலாம். அரைக்கீரையென்றால் ஒருமுறை போட்டு அறுத்துக்கொண்டே இருக்கலாம்.

அதன் பிறகு காய்கறி. வெண்டை ஓரடிக்கு ஒன்றாக, எட்டு. மிளகாய் நாலு. தக்காளி மூன்று. கத்தரி இரண்டு, மூன்றாவது நட இடம் இருப்பதுபோல் தெரியும், நட்டால் மூன்றும் சவலையாக நிற்கும். கோடையில் உயரமான வெண்டையை மேற்கு ஓரத்தில் வைத்தால் மற்றவற்றுக்கு மூன்று மணி வெயிலிலிருந்து நிழல் கிடைக்கும். கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும் சலித்த கலவை வேண்டும், கல் தட்டினால் கிழங்கு கவட்டை விடும். பூசணி, சுரை, பாகல் இந்தப் பெட்டுக்கு ஏற்றவை அல்ல. ஒரு சுரை மட்டும் வைத்துப் பந்தலில் ஏற்றலாம், ஆனால் பெட் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

தண்ணீர் கோடையில் எட்டு முதல் பத்து லிட்டர், காலையும் மாலையும் பிரித்து. மார்கழியில் நாலைந்து லிட்டர் போதும். சொட்டுநீர் போட்டால், ஓரடிக்கு ஒரு துளை உள்ள இன்லைன் குழாய் இரண்டு வரிசை, ஆக எட்டுத் துளை. மணிக்கு இரண்டு லிட்டர் என்று போட்டிருக்கும், அரை மணியில் எட்டு லிட்டர் என்று கணக்கு வரும். கணக்கு மட்டும்தான் வரும். அந்த அளவு பம்ப் அழுத்தத்துக்குச் சொன்னது. தலைக்கு மேலே ஆறடியில் இருக்கும் தொட்டியின் அழுத்தத்தில் அதில் பாதிகூட வராமல் போகலாம். ஒரு துளைக்குக் கீழே பாத்திரத்தை வைத்து அரை மணி நேரம் பிடித்துப் பார்த்து நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு போட மறக்காதீர்கள். போடாவிட்டால் மேல்மண் வெயிலில் தட்டிப்போய், ஊற்றும் தண்ணீர் நடுவில் இறங்காமல் துணியோரமாக வழிந்து கீழே போய்விடும். தண்ணீர் வழிகிறதே என்று நிறுத்திவிடுவோம், உள்ளே மண் காய்ந்து கிடக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்தால் தெரியும்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் எந்த மருந்தும் வேலைக்காகாது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. செடியைப் பிடுங்கி மூடிய பையில் போட்டுவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றுங்கள். கத்தரியில் நுனித்தண்டு மட்டும் தலைசாய்ந்தால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது, ஓரங்குலம் கீழே வெட்டி நசுக்குங்கள். கத்தரி எடுத்த பெட்டில் உடனே தக்காளியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், நூற்புழு பெருகும். ஒரு சுற்று கீரை போட்டு, ஓரத்தில் இரண்டு துலுக்கச் சாமந்தி வையுங்கள். ஒவ்வொரு பயிருக்குப் பிறகும் ஒரு வாளி மக்கிய உரம் சேர்த்தால் போதும். பழைய கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்லும் கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பார்க்கிறார்.

இதற்குப் பதிலாக வேறென்ன

நேரடிப் போட்டி என்று பார்த்தால் நீல டிரம்தான். 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் சுமார் நூறு லிட்டர் பிடிக்கும் இரண்டு தொட்டி. கனமான பிளாஸ்டிக், தையலே கிடையாது, இந்தப் பையைவிடப் பல வருடம் கூடுதலாக உழைக்கும். குறை இரண்டு: உருளை வடிவம் என்பதால் ஓரத்தில் ஆழம் இல்லை, தாங்கி இல்லாமல் நிற்காது. முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று தெரியாத டிரம்மை விலை குறைவென்று வாங்காதீர்கள். எண்ணெய், பழக்கூழ் வந்த டிரம் சரி. அமிலம், சாயம் வந்தது வேண்டாம். தரையில் இடம் இருப்பவர்களுக்கு இந்தப் பையே தேவையில்லை. கடப்பா பலகையைக் கால்வாசி புதைத்துச் செங்குத்தாக நட்டால் கறையான் அரிக்காத, இற்றுப்போகாத மேட்டுப்பாத்தி கிடைக்கும். துத்தநாகம் பூசிய தகரப் பெட்கள் பார்க்க அழகு, விலை அதிகம். நம் ஊர் மாடி வெயிலில் அதன் விளிம்பில் கை வைத்துப் பாருங்கள்.

நல்ல துணியும் இரட்டைத் தையலும் இருந்தால் இந்தப் பையிடம் நாலைந்து வருடம் எதிர்பார்க்கலாம். விற்பவர்கள் சொல்லும் ஏழெட்டு வருடம், நிழல்வலைக்குக் கீழே வைத்தவர்களுக்குக் கிடைக்கலாம். அதிலும் எலி, அணில் கணக்கைச் சேர்க்கவில்லை. இரண்டும் இந்தத் துணியைக் கடிக்கும். துணியின் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து மண்ணில் விழத் தொடங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, அதற்கு மேல் ஒட்டுப்போட்டு இழுக்க வேண்டாம். துணி திடமாக இருந்து மூலைத் தையல் மட்டும் விட்டுப்போனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. அந்த மூலையில் மண்ணை அரையடிக்குத் தோண்டி ஒதுக்கிவிட்டு, கோணி ஊசியில் மீன்வலை நைலான் நூலைக் கோத்து, பழைய தையலுக்கு அரை அங்குலம் உள்ளே தள்ளி இரட்டையாக ஓட்டுங்கள். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டால் துணி அந்தக் கோட்டில் கிழிந்துகொண்டு போகும்.